கடைக்குக் கட்டின கயிறு

முகையூரில் வாசம் செய்யும், ஊருக்கே நியாயம் சொல்லுகிற பெரிய மனிதரும், என் மகளை மருமகளாக ஏற்றுக்கொண்டவருமான சம்பந்தி பெரியசாமி அவர்கள் சமூகத்துக்கு, பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலிருந்து பச்சமுத்து கும்பிட்டுச் சொல்லி எழுத வைத்தது. இங்கே நானும், என் வீட்டுக்காரி கிருஷ்ணவேணியும், உங்கள் மருமகள் வெண்ணிலாவும், பேத்தி ஷாலினியும், சினை மாடும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்கவும், தங்கள் முட்டிவலி தங்களை விட்டு ஒழியவும் எங்கள் ஊர் வாழ்முனி பார்த்துக்கொள்வார். மழை பரவாயில்லை. மல்லாட்டைக் கடலை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, காட்டுப்பன்றியும் அதையேதான் சொல்கிறது.

உங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை குமரேசன், ரொம்ப ரொம்ப சௌக்கியம். எவ்வளவு சௌக்கியம் என்று நான் வாயால் சொல்லத் தேவையில்லை, இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து யாருடையது? உங்க மகன் எழுத்துதான் சம்பந்தி. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதறாரு. எனக்கு அட்சரம் தெரியாது, ஆனா ஏர் ஓட்டத் தெரியும். சால் நேரா கோணலான்னு வரப்புல நின்னே சொல்லிடுவேன். இந்தக் காகிதத்துல ஒரு சால் கூட கோணல் இல்ல. இந்த வருஷம் ஆடி மாசத்துல இதே கையில ஒரு டம்ளர் மோர் குடுத்தா பாதி தரைக்கு, பாதி சட்டைக்கு, வாய்க்கு வாசனை மட்டும்தான் போகும். அந்தக் கை பேனா புடிச்சி வரி வரியா உழுதுக்கினு போகுதுன்னா, அதுக்கு மேல திருந்தினதுக்கு என்னா சாட்சி வேணும்?

இதெல்லாம் போன்லயே சொல்லியிருப்பேன். நீங்கதான் சொன்னீங்க, "சம்பந்தி, போன்ல சொல்றது காத்தோட போயிடும். போன தடவை திருந்திட்டான்னு நீங்க சொன்னீங்க, நான் வேன் வச்சிக்கினு வந்தேன், வந்து பார்த்தா பையன் மாட்டுக் கொட்டாயில கன்னுக்குட்டியோட பால் பங்குக்கு சண்டை போட்டுக்கினு இருந்தான். இனிமே எழுத்துல குடுங்க"ன்னு. பஞ்சாயத்து ஆபீசுல கிளார்க்கா இருந்து ரிட்டேர் ஆனவரு, நீங்க கேக்கறது நியாயம். ஆனா எழுதறதுக்கு யாரு இருக்கா? வெண்ணிலாவைக் கேட்டேன். "அவரு திருந்திட்டாருன்னு நான் என் கையால எழுதமாட்டேம்பா. அத நம்பி நம்பி எனக்குப் புத்தி கெட்டுப்போச்சி. நீ பார்த்து சொல்லு. நீ சொன்னா முகையூரு போறேன், சொல்லலைன்னா இங்கயே கெடக்கறேன்" அப்படின்னுட்டா. ஆக அவ வாழ்க்கை இப்ப என் வாயில இருக்குது சம்பந்தி. அதனாலதான் ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும் சொல்லப்போறேன், ஒண்ணு விடாம. மாப்பிள்ளை கிட்டயும் சொல்லிட்டேன், நான் சொல்றத அப்படியே எழுதணும், மணந்தாலும் நாறினாலும்னு. (நாறினாலும்னு எழுதலாமான்னு கேக்கறாரு. எழுதுங்க மாப்ள.)

கடைதான் காரணம், கடையை மூடினா குடி தானா நின்னுடும்னு நீங்க எத்தனையோ தரம் சொல்லியிருக்கீங்க. கல்யாணப் பந்தலிலேயே சொன்னீங்க, எனக்கு மறக்கல, சாம்பார் ஊத்தறவன் உங்களைத் தாண்டிப் போயிட்டான், நீங்க கவனிக்கல, அவ்வளவு ஆவேசமா சொன்னீங்க. நானும் ரொம்ப நாளா பார்த்துக்கினுதான் வர்றேன். தொண்ணூத்தி மூணு, வெண்ணிலா பொறந்த வருஷம், அப்ப சாராயத்துக்கு சர்க்காரு தடை. கடை கெடையாது. லாரி டியூப்ல ரொப்பி, ராத்திரியோட ராத்திரியா பிரம்மதேசத்துப் பக்கம் இருந்து தலையில தூக்கிக்கினு வருவானுங்க. ஒரு நாள் போலீசு புடிச்சி, ஏரிக்கரையில டியூப்பைக் கிழிச்சி மண்ணுல ஊத்திட்டுப் போயிட்டாங்க. போலீசு ஜீப்பு திரும்பறதுக்குள்ள எங்க ஊரு சின்னதுரை, அப்ப அவனுக்கு மீசை அரும்பற வயசு, அந்த ஈர மண்ணை வாரித் துண்டுல கட்டிப் பிழிஞ்சி குடிச்சான். வாந்தியில மண்ணாங்கட்டியா வந்துது. அந்த வருஷம் கள்ளச்சாராயம் குடிச்சி எங்க தெருவுல சில பேருக்குக் கண்ணு போச்சி, இன்னும் கோலோட நடக்கறாங்க. அதனால தடைன்னா என்னான்னு எனக்குத் தெரியும். ஆனா அத அன்னிக்கி உங்க கிட்ட சொல்லல. பொண்ணைக் குடுத்தவன் எப்படி எதிர்த்துப் பேசறது?

அப்புறம் வெண்ணிலா அடி தாங்காம ஷாலினியைத் தூக்கிக்கினு இங்க வந்தா. (மாப்பிள்ளை பேனாவைக் கீழ வச்சிட்டாரு. எழுதுங்க. நீங்க அடிச்சப்ப கை வலிக்கல இல்ல, எழுதறப்ப மட்டும் வலிக்குதா? எழுதறாரு.) நீங்க என்னா பண்ணீங்க, நல்ல மனசோட, "முகையூர்ல கடை இருக்குது, உங்க ஊர்ல இல்ல, அங்க இருந்தா திருந்திடுவான்"னு சொல்லி உங்க மகனையும் பஸ் ஏத்தி இங்க அனுப்பிச்சீங்க. மலேரியா வந்தவனைக் கொசு இல்லாத ஊருக்கு அனுப்பற மாதிரி. எங்க ஊர்ல கடை இல்லைதான். மரக்காணம் ரோட்டுல இருந்துது. மாப்பிள்ளை வந்த மறுநாளே ரோடு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டாரு. அந்த விஷயத்துல உங்க மகனைக் குத்தம் சொல்லமுடியாது சம்பந்தி, ரொம்ப சுறுசுறுப்பு. வயல்ல களை எடுக்க எழுப்பினா எழுந்திருக்கமாட்டாரு, ஆனா கடை தெறக்கறதுக்கு முன்னாடியே போயி கடைக்காரனுக்கு ஷட்டர் தூக்க ஒத்தாசை பண்ணுவாரு.

இந்த வருஷம் சித்திரைக்கு முன்னால கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுது, பெரிய ரோட்டுல இருந்து இத்தனை மீட்டருக்குள்ள கடை இருக்கக்கூடாதுன்னு. ரோட்டுக் கடையை மூடிட்டாங்க. நீங்க அன்னிக்கிப் போன் பண்ணி, "பார்த்தீங்களா சம்பந்தி, என் மகன் பொழைச்சான்"னு சொன்னீங்க. இங்க பொம்பளைங்க பட்டாசு வெடிச்சாங்க. பட்டாசுப் பேப்பரை இன்னும் கூட்டி முடிக்கல, ஒரு ஜீப்பு வந்துது. ஆபீசருங்க எறங்கினாங்க, கையில டேப்பு. கடையைத் தூரமா கொண்டுபோய் வைக்க எடம் பார்க்கறாங்களாம். டேப்போட ஒரு முனை ஆபீசர் கையில, இன்னொரு முனையைப் புடிக்க ஆள் இல்ல. "தம்பி, இதக் கொஞ்சம் புடிச்சிக்கினு நடங்க"ன்னாரு ஒருத்தரு. யாரைப் பார்த்து? உங்க மகனைப் பார்த்து. மாப்பிள்ளை டேப்பைப் புடிச்சிக்கினு ரோட்டுல இருந்து நடந்தாரு, நடந்தாரு, என் கொல்லை வரப்பு மேல ஏறி நடந்தாரு. "போதும், நில்லுங்க தம்பி"ன்னாரு ஆபீசரு. இவரு விடல. "சார், இன்னும் நாலடி வந்தீங்கன்னா ஒரு ரூம்பு இருக்குது சார், வேப்பமரத்து நெழலும் இருக்குது"ன்னாரு. அது சின்னதுரையோட அண்ணன் உர மூட்டை அடுக்கக் கட்டின ரூம்பு. ஆபீசரு பார்த்தாரு, தலையை ஆட்டினாரு. சர்க்காரு கடை என் மல்லாட்டைக் கொல்லைக்குப் பக்கத்துல வந்து குந்திக்கிச்சி. எடம் காட்டினதுக்கு ஆபீசரு உங்க மகனுக்குக் கை குடுத்துட்டுப் போனாரு.

ரோட்டுல போறவன் குடிக்கக்கூடாதுன்னு கோர்ட்டு நெனைச்சிது. லாரிக்காரன் என்னா பண்ணான், லாரியை ரோட்டோரம் நிறுத்திட்டு என் கொல்லை வழியா நடந்து வந்தான். நடந்து வர்றப்ப சும்மா வரல, மல்லாட்டைச் செடியைக் கையால புடுங்கிக்கினே வந்தான், தொட்டுக்கறதுக்கு. ஒருத்தன் என் வீட்டு வாசலுக்கே வந்து, "பெரியம்மா, மல்லாட்டை பச்சையா இருக்குது, கொஞ்சம் உப்பு போட்டு வேவிச்சிக் குடுங்களேன்"னு கிருஷ்ணவேணி கிட்டயே கேட்டுட்டான். அவ பயிர் வச்ச மல்லாட்டை! உள்ள போனா, முந்தானையை இழுத்து சொருகினா, ஊர்ல இருக்கற பொம்பளைங்களை எல்லாம் கூட்டிக்கினு கடை வாசல்ல போயி குந்திட்டா. தாசில்தாரு ஆபீசுல இருந்து ஆளு வந்து மனு குடுங்கன்னாரு, குடுத்தாங்க. அப்புறம் இன்னொருத்தரு வந்து, "அம்மா, தூரம் சரியாத்தான் இருக்குது, அளந்தாச்சி"ன்னாரு. யாரு அளந்ததுன்னு வெண்ணிலா கேட்டா. மாப்பிள்ளை அன்னிக்கி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரல.

இப்ப நான் எங்க ஊரு வழக்கம் ஒண்ணைச் சொல்லணும். குடியை விடணும்னா வாழ்முனி கோயிலுக்குப் போயி, பூசாரி கொளஞ்சி கிட்ட கறுப்புக் கயிறு மந்திரிச்சிக் கையில கட்டிக்குவாங்க. கயிறு இருக்கற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டா கை கால் இழுத்துக்கும். அவுக்கறதா இருந்தா பூசாரிதான் அவுக்கணும், அதுக்கு சாமிக்குப் படையல் போடணும்: சுருட்டு, கருவாடு, ஒரு குவாட்டர். சிரிக்காதீங்க சம்பந்தி. ஆமா, குடிக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கற சாமி குடிக்கற சாமிதான். ஆனா அவரு குடிச்சிட்டு இதுவரைக்கும் யாரு பொண்டாட்டியையும் அடிச்சதில்ல.

கிருஷ்ணவேணி கொளஞ்சி கிட்ட போயி கத்தை கத்தையா கயிறு வாங்கிக்கினு கடைக்கு வந்தா. "நீட்டுங்கடா கையை!" அவ்வளவுதான் சொன்னா. எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஆம்பளைங்க அவ்வளவு ஜல்தியா ஓடி நான் பார்த்ததில்ல. ஒருத்தன் கையை நிஜார் பாக்கெட்டுல விட்டுக்கினான், ஒருத்தன் வேப்பமரத்துல ஏறிட்டான், சின்னதுரை அங்கேயே படுத்துக் குறட்டை விட்டான். மாப்பிள்ளை மட்டும் ஓடல. நின்னு, மரியாதையா கையைக் கட்டிக்கினு, "அத்தை, நான் வெளியூரு மாப்பிள்ளை, எனக்கு முகையூரு சாமிதான் செல்லும்"னாரு. கிருஷ்ணவேணி அவரைப் பார்த்தா, மரத்தைப் பார்த்தா, கையில இருக்கற கயித்தைப் பார்த்தா. "ஓடற கையைத் தொரத்தறதுக்கு எனக்கு முட்டியில பலம் இல்ல. ஓடாத கை இது ஒண்ணுதான்"னு சொல்லிட்டு, மொத்தக் கயித்தையும் கடை ஷட்டரைச் சாத்தச் சொல்லி அதோட பூட்டுல சுத்திச் சுத்திக் கட்டிட்டா. கொளஞ்சி, "ஏ யக்கா, மனுஷனுக்குக் கட்டறதை ஷட்டருக்குக் கட்டலாமா?"ன்னு கத்தினான். "ஏன், கடைதான ஊத்திக் குடுக்குது? கடை விரதம் இருக்கட்டும்"னா.

மறுநாள் சூப்பர்வைசர் இருதயராஜ் வந்தாரு, கூட சேல்ஸ்மேன். சேல்ஸ்மேன் கயித்தைப் பார்த்ததும் பின்னாடி போயிட்டான். "சார், நீங்க அவுருங்க சார், உங்களுக்கு வேற சாமி." இருதயராஜ் பாவம், நல்ல மனுஷன், சிலுவைக் குறி போட்டுக்கினு கையை நீட்டினாரு. அதுக்குள்ள அவரு வீட்டம்மா லூர்துமேரி கிட்ட இருந்து போன். யாரு சொன்னாங்களோ தெரியல. ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு போல, எங்களுக்கே கேட்டுது: "எந்த சாமியா இருந்தா என்னாங்க? பொம்பளைங்க வயித்தெரிச்சலோட கட்டினது. அதுல கையை வச்சீங்க, அந்தக் கையோட சோத்துக்கு வீட்டுக்கு வராதீங்க." இருதயராஜ் கையை எடுத்துக்கினாரு. மேல இருக்கற ஆபீசருக்குப் போன் போட்டா, "வெட்டித் தள்ளிட்டுத் தெறங்கய்யா"ன்னாராம். "நீங்க வந்து வெட்டுங்க சார், நான் கத்தி குடுக்கறேன்"னு இவரு. அந்தாண்ட போனை வச்சிட்டாரு. போலீசுக்குச் சொன்னா, "இது சட்டம் ஒழுங்கு இல்ல, சாமி சமாச்சாரம்"னுட்டாங்க.

கடைசியில கொளஞ்சியைக் கூப்பிட்டாங்க. "அவுக்கறேன், எனக்கென்னா? படையல் போடுங்க"ன்னான். சுருட்டு வந்துது, கருவாடு வந்துது. குவாட்டர்? குவாட்டர் கடைக்குள்ள இருக்குது. கடை கயித்துக்குள்ள இருக்குது. கயிறு அவுக்கணும்னா குவாட்டர் வேணும். அத்தனை பேரும் ஷட்டரையே பார்த்துக்கினு நின்னாங்க. இருதயராஜ் சாரு வேப்பமர நெழல்ல உக்காந்து, "நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பால் சொசைட்டியில இருந்தேன்"னு சொன்னாரு. அதோட சரி. கடை இன்னிக்கி வரைக்கும் தெறக்கல சம்பந்தி.

(மாப்பிள்ளை மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டு வர்றேன்னு போனாரு, இப்ப வந்துட்டாரு. பொறுப்பைப் பாருங்க. வந்தப்புறம் எழுத்து இன்னும் நேரா ஓடுது, பேனாவும் சூடு புடிச்சிக்கிச்சி போல.)

கடையை மூடினா குடி நிக்குமா நிக்காதான்னு நீங்க ஆபீசுல இருந்து யோசிச்சீங்க, நான் கண்ணால பார்த்துட்டேன். ஊர்ல பாதிப் பேரு நிறுத்திட்டாங்க. நிஜமா சொல்றேன். யாரு தெரியுமா? சோம்பேறிங்க. ஏரி மண்ணைப் பிழிஞ்சி குடிச்ச அதே சின்னதுரை, இப்ப வயசாயிடுச்சி, "யாரு பஸ் ஏறி அவ்வளவு தூரம் போறது"ன்னு சொல்லிட்டு மோர் குடிச்சிக்கினு உக்காந்துட்டான். அவன் பொண்டாட்டி கடை ஷட்டருக்கு சூடம் காட்டிட்டுப் போனா. ஆனா உங்க மகன் மாதிரி சுறுசுறுப்பானவங்களை எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ணமுடியாது சம்பந்தி. காலையில மரக்காணம் பஸ், அங்க இருந்து பாண்டி பஸ். மொதல் நாளு பல்லு வலின்னாரு. மறுநாளு ஷாலினிக்கு நோட்டு வாங்கணும்னாரு. ஷாலினி இன்னும் பால்வாடிக்குத்தான் போறா. அப்புறம் கத்திரி நாத்து வாங்கணும்னாரு. கத்திரி நாத்துக்குப் பாண்டிக்குப் போறவரு இந்த ஜில்லாவுலயே இவரு ஒருத்தருதான். கண்டக்டரு இவருக்கு ஜன்னலோரம் எடம் போட்டு வைக்க ஆரம்பிச்சிட்டாரு. குடிக்கறதுக்காக ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் அலையறதைப் பார்த்தா, எனக்குக் கோவத்துக்கு நடுவுல பாவமா கூட இருந்துது. வெண்ணிலா மட்டும் சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டா ஷாலினியைத் தூக்கிக்கினு பக்கத்து வீட்டுக்குப் போயிடுவா. அவ்வளவுதான்.

ஆடி மாசம் சாமிக்கு எப்படியும் படையல் போடணும், கயித்தையும் ஒரு வழி பண்ணணும், பாண்டியில இருந்து ஒரு குவாட்டர் கொண்டுவரலாம்னு இருதயராஜும் கொளஞ்சியும் பேசி முடிவு பண்ணாங்க. யாரை அனுப்பறது? தெனம் போறவரு ஒருத்தரு இருக்காரே! மாப்பிள்ளையைக் குளிக்கச் சொல்லி, நெத்தியில விபூதி வச்சி, மஞ்சப் பை குடுத்து அனுப்பிச்சாங்க. சாயங்காலம் ஊரே பஸ் ஸ்டாப்புல பம்பையோட நின்னுது. பஸ் வந்துது. மாப்பிள்ளை எறங்கினாரு. பை இருந்துது, பாட்டில் இருந்துது. பாட்டிலுக்குள்ளதான் ஒண்ணும் இல்ல.

"எங்கடா?"ன்னான் கொளஞ்சி.

"பஸ் ரொம்பக் குலுங்கிச்சி பூசாரி."

"மூடி தானா தெறந்துக்கற அளவுக்கா?"

"ரோடு அவ்வளவு மோசம்."

பம்பை அடிக்கறவன் பம்பையை இடுப்புல இருந்து அவுத்துட்டான். சாமிக்குப் போற சரக்கைக் குடிச்சவனை அதுக்கு முன்னால யாரும் பார்த்ததில்ல. அன்னிக்கி ராவுலயே மாப்பிள்ளைக்கு வலது கால் தூண் மாதிரி வீங்கிடுச்சி. கதண்டு வண்டு கொட்டியிருக்குன்னு நான் சொன்னேன், அவரு கேக்கல. "வாழ்முனி புடிச்சிக்கினாரு மாமா, என்னைக் காப்பாத்துங்க"ன்னு கத்தறாரு. விடிஞ்சும் விடியாம நொண்டிக்கினே கோயிலுக்குப் போயி, முகையூரு சாமியெல்லாம் மறந்துபோயி, "கட்டுங்க பூசாரி"ன்னு தானா கையை நீட்டினாரு. கிருஷ்ணவேணி பக்கத்துல நின்னு அழுதா. இடது மணிக்கட்டுல கயிறு ஏறிச்சி.

அதுக்கப்புறம் மொத சில நாளு நாங்க பட்ட பேஜாரு சொல்லிமாளாது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சட்டைப் பொத்தானைப் போடறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். சொவுத்துல எறும்பு போகுதுன்னு இல்லாத எறும்பைத் தட்டுவாரு. மோர் டம்ளர் கதை முன்னாடியே சொன்னேன். ஷாலினி அதைப் பார்த்து, "அப்பா டான்ஸ் ஆடறாரு"ன்னு கையைத் தட்டிச் சிரிச்சா. இவரும் கூடச் சிரிக்கப் பார்த்தாரு, பல்லு கிட்டிக்கிச்சி. அப்புறம் ஒரு நாளு காலையில எழுந்து வர்றாரு, கை கல்லு மாதிரி நிக்குது. கேப்பைக் கூழை ஒரு சொட்டு சிந்தாம குடிச்சாரு. வாழ்முனி ஜெயிச்சிட்டாருன்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இதுல இருந்து நான் புரிஞ்சிக்கினது இதுதான் சம்பந்தி: கயித்தைக் கடைக்குக் கட்டினப்ப சோம்பேறிங்க மட்டும்தான் திருந்தினாங்க, கைக்குக் கட்டினப்பதான் சுறுசுறுப்பானவரு திருந்தினாரு. இதை நீங்க யாராவது பெரிய ஆபீசருக்கு எழுதிப் போட்டாலும் போடுங்க. என் பேரைப் போடவேணாம்.

(மறுபடியும் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போறாராம். சினை மாடு, குடிக்கத்தான் செய்யும். வந்துட்டாரு.)

ஆகையால், இதன் மூலம் நான் தங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பது என்னவென்றால், மாப்பிள்ளை குமரேசன் குடியை அடியோடு விட்டுவிட்டார். என் கண்ணால் பார்த்தேன், என் வாயால் சொல்கிறேன், என் கைநாட்டு வைக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, வேன் எடுத்துக்கொண்டு தாங்கள் வந்து பிள்ளையையும் மருமகளையும் பேத்தியையும் அழைத்துப் போகலாம். வெண்ணிலா பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள். "அப்பா சொல்லிட்டாரு"ன்னு அவ அம்மா கிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. வந்தால் கிருஷ்ணவேணி கருவாட்டுக் குழம்பு வைப்பாள், கன்றுக்குட்டியோடு இந்தத் தடவை யாரும் சண்டை போடமாட்டார்கள். வேன் வைக்க எடம் இல்லைன்னு கவலை வேணாம், கடை வாசல் காலியாத்தான் இருக்குது. தங்கள் குடும்பம் ஆலமரமாட்டம் பெருகி, நெல்லும் பாலும் குறைவில்லாமல், முட்டியில் வலி இல்லாமல், தங்கள் பேரப்பிள்ளைகள் தங்கள் மடியில் உட்கார்ந்து கதை கேட்கிற காலம் நீடித்து நிற்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பச்சமுத்து
(இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: அப்பா, இது குமரேசன். மாமா சொன்ன எதையும் நான் மாத்தல, மேல எல்லாம் அவரு சொன்னபடியேதான். "என்னா மாப்ள, கைநாட்டு வச்சப்புறமும் இன்னும் எழுதறீங்க"ன்னு கேக்கறாரு. விலாசம் எழுதறேன் மாமான்னு சொல்லியிருக்கேன். நீள விலாசமான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

கயிறு முன்பக்கத்து ஷட்டருக்குத்தான். ரூம்புக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்குது, உர மூட்டைக்குக் காத்து வரணும்னு வச்சது. ஆடிப் படையல் கெட்டப்புறம் அதோட கம்பியைக் கழட்டிட்டு சேல்ஸ்மேன் உள்ள நின்னு விக்கறான். இருதயராஜ் சாருக்குத் தெரியாதுன்னு சேல்ஸ்மேன் சொல்றான், தனக்குத் தெரியும்னு சேல்ஸ்மேனுக்குத் தெரியக்கூடாதுன்னு இருதயராஜ் சாரு பார்க்கறாரு. சின்னதுரை மோர் குடிச்சிக்கினு உக்காந்திருக்கறது நிஜம், அந்த ஜன்னல் அவன் வீட்டுக் கொல்லைக்கு நேரா இருக்குதுங்கறதும் நிஜம். கொளஞ்சிப் பூசாரிக்கு இப்பல்லாம் கயித்தை அவுக்கணும்னு அவசரமே இல்ல. கயிறு இருக்கற வரைக்கும் பொம்பளைங்க வந்து குந்தமாட்டாங்க, ஆபீசருங்க வந்து அளக்கமாட்டாங்க. ஜன்னல் இருக்கறது தெரியாதவங்க மட்டும் நிஜமாவே நிறுத்திட்டாங்க அப்பா. அவங்க வீட்டுல சாயங்காலம் சத்தம் இல்ல. மாமா சொன்னதுல அது ஒண்ணு பொய் இல்ல.

கயிறு இடது கையில இருக்குது. நான் குடிக்கறது வலது கையால. இதை ஜன்னல் கிட்ட நின்னு ஒருத்தன் சொன்னான், நானும் நல்ல ரோசனைதான்னு சிரிச்சேன். வைக்கோல் போருக்குள்ள ஒண்ணு வச்சிருக்கேன். மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனது அங்கதான். கயிறு கட்டினதும் அந்த சில நாளு நான் நிஜமாவே தொடல. எறும்பு தெரிஞ்சது, பொத்தான் போடமுடியாம நின்னது, ஷாலினி டான்ஸுன்னு சொன்னது, அந்த நாளுங்கதான் அப்பா நான் குடிக்காத நாளுங்க. கூழ் சிந்தாம குடிச்சேன்னு மாமா சொன்னாரே, அன்னிக்கி விடியக்காலத்துலதான் ஜன்னலுக்குப் போயிட்டு வந்தேன். குடிச்சாத்தான் கை நிக்குது. இந்த எழுத்து முழுக்க அதுல நின்ன எழுத்து.

உள்ள வெண்ணிலா பெட்டியை மூடி, பத்தலைன்னு மறுபடியும் தெறந்து அடுக்கறா. ஷாலினியோட பாவாடையை மேல வைக்கறா. அவ என்னை நம்பல, மாமாவை நம்பறா. மாமா கைநாட்டு வச்ச காகிதத்துல இந்த ஒரு வேலையாவது நான் ஒழுங்கா பண்ணணும். வெள்ளிக்கிழமை வேன் எடுத்துக்கினு வாங்க அப்பா. அவளை ஏத்தாதீங்க. என்னை மட்டும் ஏத்திக்கினு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க படுக்க வச்சிப் பார்க்கறாங்களாம், நடுக்கம் வந்தா பக்கத்துல டாக்டருங்க இருப்பாங்களாம். வழியில கடை இருக்குதா இல்லையான்னு பார்க்காதீங்க, வண்டியை நிறுத்தாதீங்க, நான் கெஞ்சினாலும்.

அங்க போனப்புறம் உங்களுக்கு நானே ஒரு கடுதாசி போடறேன். அதுல எழுத்து கோணலும் மாணலுமா கெடந்துதுன்னா பயப்படாதீங்க. அன்னிக்கி நான் குடிக்கலைன்னு அர்த்தம்.